பார்த்தாலே போதும் என்றவள்

அவள் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே கதவு நிலையை ஒருமுறை கையால் தடவுவாள். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் "நல்லா இருக்கீங்களாக்கா?" என்பாள். எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது, மேலே ஏதாவது ஒட்டடை தொங்குகிறதோ என்று நானும் பதறி அண்ணாந்து பார்த்தேன்.

அன்று எங்கள் கிரகப்பிரவேசம். லிவர்மோரில் வாங்கிய வீடு. கோயிலிலிருந்து குருக்கள் வந்து, ஸ்மோக் அலாரத்தைக் கழற்றி வைக்கச் சொல்லி, ஹோமத்தை முடித்துக் கிளம்பியிருந்தார். பொங்கலும் வடையும் ஓடிக்கொண்டிருந்தன. வந்தவர்கள் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார்கள். எத்தனை சதுர அடி, ஸ்கூல் எப்படி, எத்தனை பேரோடு போட்டி போட்டு வாங்கினீர்கள், மலையைத் தாண்டி ஆபீஸ் போக எவ்வளவு நேரமாகும். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். சொல்லச் சொல்லச் சிலருடைய முகத்தில் லேசாக ஒரு நிழல் விழுந்து விலகும். உண்மையைச் சொல்வதென்றால், அதைப் பார்க்கத்தானே கிரகப்பிரவேசத்துக்கு ஆள் கூப்பிடுகிறோம்?

அவள் மாடிப்படியின் திருப்பத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். என் கணவர், இவர் வேலை பார்க்கும் ஆபீஸில் கான்ட்ராக்டில் சேர்ந்திருந்த ஒருவரின் மனைவி. பெரம்பூர்க்காரி. என்னைவிடப் பத்து வயதாவது சிறியவள்.

"அக்கா, இந்த ஜன்னல்ல காலைல வெயில் வருமா?"

"வரும்னு நெனைக்கிறேன் கண்ணு. இன்னும் நாங்களே குடி வரலையே."

"கெழக்குதான? மொதல்ல படில விழும். அப்புறம் அப்படியே எறங்கி ஹால் வரைக்கும் வரும் பாருங்க. யாரோ ஒக்காந்து யோசிச்சிருக்காங்கக்கா."

குடி வந்த முதல் சனிக்கிழமை காபியோடு சோபாவில் உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது போலவே வெயில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து என் காலடியில் படுத்துக்கொண்டது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் வீட்டு வெயிலை எனக்கு முன்னால் இன்னொருத்தி பார்த்துவிட்டாளே என்று சுருக்கென்றது. அன்றிலிருந்து அந்த ஜன்னல் வழியாக வெயில் வரும்போதெல்லாம் அவளும் கூடவே வந்தாள்.

"யாரோ ஒக்காந்து யோசிச்சிருக்காங்க." இதுதான் அவளுடைய வாக்கியம். பால் கேனின் பக்கவாட்டில் ஏன் ஒரு குழி இருக்கிறது என்று பார்த்துவிட்டு இதைச் சொல்வாள். கார் ஃப்ரீவேயில் ஏறும் வளைவில், உடம்பு ஒரு பக்கமும் சாயாமல் வேகம் பிடிக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வாள். கோயில் வாசலில் செருப்பு வைக்கும் அலமாரி கொஞ்சம் சரிவாக இருப்பதைப் பார்த்து, பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க, இதைச் சொன்னாள். ஒரு பொருளைச் செய்தவன் அவளுக்குச் சொந்தக்காரன் போல. அவனைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் முகமெல்லாம் வழியும்.

அவர்கள் குடியிருந்தது ஃப்ரீவேயை ஒட்டிய வாடகை அபார்ட்மென்டில். ஒரே படுக்கையறை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்தால் லாரிச் சத்தம். அங்கே ஒரு நாள் போயிருந்தேன். சாப்பாட்டு மேஜையைத் தூக்கி ஜன்னலுக்குக் குறுக்கே போட்டிருந்தாள்.

"சாயங்காலம் லாரி போறப்ப அதோட நெழல் இந்தச் சொவத்துல ஓடும்கா. ட்ரெயின் மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் இருந்து பாத்துட்டுப் போங்க."

இருந்து பார்த்தேன். ஓடியது.

வீடு திரும்பும்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் டெஸ்டிங் டீமுக்குத் தலைவி. காலையில் ஏழு மணிக்குப் பெங்களூருடன் மீட்டிங், சாயங்காலம் இங்கிருப்பவர்களோடு மீட்டிங். இவளுக்கு மட்டும் சுவரில் லாரி நிழல் ஓடுவதைப் பார்க்க நேரம் எங்கிருந்து வருகிறது? விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லாமல் வீட்டில் இருக்கிறாள், அதனால்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் வேறு பெண்களும் எனக்குத் தெரிந்தவர்கள்தான். அவர்கள் யாரும் இப்படி இல்லை. அவர்களெல்லாம் என்னைப் பார்த்து ஒழுங்காகப் பெருமூச்சு விட்டார்கள்.

இவள் விட்டதே இல்லை. சமையலறை நடுவில் வெள்ளைக் கல் பதித்து ஐலண்ட் என்கிற தனி மேடை போட்டபோது அவளைத்தான் முதலில் கூப்பிட்டேன். கல்லைத் தடவினாள். முனை மழுக்கப்பட்டிருப்பதைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்து, "சேலை மாட்டாதுல்ல" என்று ரசித்தாள். சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயாவது ஒரு சொட்டு இருக்கும், 'நமக்கு இல்லையே' என்று ஒரு சொட்டாவது இருக்கும் என்று தேடினேன். துடைத்து வைத்த பாத்திரம் போல இருந்தது அந்தக் கண்.

ஒருத்தி நம்மைப் பார்த்துப் பொறாமைப்பட மறுத்தால், நாம் சம்பாதித்ததில் பாதியை யாரோ தள்ளுபடி செய்துவிட்டது போல இருக்கிறது. இதை யாரிடமும் சொல்ல முடியாது. இவரிடம் சொன்னேன். "உனக்கு வேற வேலை இல்லியா புள்ள?" என்று கேட்டுவிட்டு லேப்டாப்புக்குள் போய்விட்டார்.

பெர்க்லி மலைச்சரிவில் பழைய வீடு ஒன்றிருக்கிறது, புதன், சனிக்கிழமைகளில் உள்ளே விட்டுச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று அவள்தான் எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வந்தாள். நூறு வருஷத்துக்கு மேலான வீடு. க்ராஃப்ட்ஸ்மேன் பாணி என்று பெயர். மிஷினில் அடித்துத் தள்ளிய அலங்காரம் எதுவும் வேண்டாம், மரம் மரமாகத் தெரியட்டும், செய்தவன் கை தெரியட்டும் என்று சொல்லிக் கட்டிய காலத்து வீடு. அவள் கணவருக்கு அன்றைக்கு ஆபீஸ் வேலை. எங்கள் பிள்ளைகளை ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் விட்டுவிட்டு, நானும் இவரும் அவளுமாகப் போனோம்.

தெருவிலிருந்து பார்த்தபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு குந்தியிருக்கும் பெரியவர் மாதிரி ஒரு வீடு. தாழ்ந்து அகன்ற கூரை. அதன் விளிம்புக்குக் கீழே கைமரங்களின் நுனிகள் மூடப்படாமல் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. கருங்கல் பீடத்தின் மேல் அடி பெருத்து நுனி சிறுத்த இரண்டு தூண்கள். உள்ளே காலெடுத்து வைத்ததும், "என்னங்க, ஒரே இருட்டா இருக்குது" என்றேன் இவரிடம்.

சுற்றிக் காட்டுவதற்கு ஊதா நிற ஸ்வெட்டர் போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள் இருந்தாள். எதையும் தொடக் கூடாது, எங்கேயும் உட்காரக் கூடாது, கயிறு கட்டிய இடத்தைத் தாண்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

கண் பழகப் பழகத்தான் அந்த வீடு வெளியே வந்தது. சுவரில் தோள் உயரத்துக்குத் தேன் நிறத்தில் ஓக் பலகை. அதன் மேல் விளிம்பில் தட்டுகளைச் சாய்த்து வைக்க நீளமாக ஒரு சட்டம். தலைக்கு மேல் கட்டம் கட்டமாக உத்திரங்கள். சாப்பாட்டு அறைச் சுவருக்குள்ளேயே ஓர் அலமாரி. அதன் கண்ணாடிக் கதவுகளில் ஈயக் கம்பி கோத்துச் செய்த சின்னச் சின்ன இலைகள். அதே அலமாரி அந்தப் பக்கம் சமையலறையிலும் திறந்தது. அங்கிருந்து பாத்திரத்தை வைத்தால் இங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். சுத்தியலின் தழும்புகள் தெரியும் செப்பு விளக்கு. மாடிப்படியின் முதல் படிக்குப் பக்கத்திலேயே ஒரு பெஞ்ச். அந்த அம்மாள் பலகையைத் தூக்கிக் காட்டினாள், உள்ளே ஷூ வைக்க இடம். சமையலறைச் சுவரில் ஒரு சின்னக் கதவு. அந்த அம்மாள் திறந்ததும் இஸ்திரிப் பலகை தானாக இறங்கி வந்தது.

எனக்கு அடிவயிற்றில் பற்ற ஆரம்பித்தது. என் வீட்டுக் கதவுகளைத் தட்டினால் அட்டைப் பெட்டி மாதிரி சத்தம் வரும். வாசலில் இருப்பது கருங்கல் இல்லை, கருங்கல் போல அச்சடித்து ஒட்டிய ஏதோ ஒன்று. இந்த வீட்டில் இருந்தவள் யாரோ, செத்து எத்தனை வருஷமோ, அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. சாம்பாரை இந்தப் பக்கம் வைத்து அந்தப் பக்கம் எடுக்கிற வசதியை ரசம்கூட வைக்கத் தெரியாத ஒருத்தி அனுபவித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

திரும்பிப் பார்த்தால் அவளும் இவரும் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சின் காலில் இரும்பு ஆணியே இல்லை, மர ஆணிதான் என்று அவள் காட்ட, எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவதற்கே மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும் மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "அட, ஆமாங்க!" என்றார். அந்தக் குரலை நான் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

முன்னறையில் விறகு எரிக்கும் கணப்புக்கு இரண்டு பக்கமும் சுவரோடு சேர்த்துச் செய்த இருக்கைகள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு குட்டி ஜன்னல். ஊதா ஸ்வெட்டர் அம்மாள் பச்சை டைல்ஸைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். இவள் நடுவில் புகுந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "இந்த ஜன்னல் மட்டும் ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது? நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாதே. உட்கார்ந்திருப்பவர்களுக்காகவா?" என்று கேட்டாள்.

அந்த அம்மாள் டைல்ஸை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். பிறகு கயிற்றின் கொக்கியைக் கழற்றினாள். "நீயே உட்கார்ந்து பார்த்துக்கொள்" என்றாள். நானும் கூடவே ஒரு காலை எடுத்து வைத்தேன். கயிறு எனக்கு முன்னால் மறுபடியும் மாட்டிக்கொண்டது.

அவள் போய் உட்கார்ந்தாள். முதுகை ஓக் பலகையில் சாய்த்து, கழுத்தைக் கொஞ்சம் திருப்பினாள். ஜன்னல் சரியாக அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. வெளியே ஒரு மேப்பிள் மரம், அதன் அடியில் வாசலுக்கு வரும் பாதை. யார் வந்தாலும் எழுந்திருக்காமலேயே பார்த்துவிடலாம். அந்த வாக்கியத்தைக்கூடச் சொல்லவில்லை. இவர் என் கையிலிருந்த என் போனை வாங்கி அவளைப் படம் எடுத்தார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "நெசமாச் சொல்லு. இப்படி ஒரு வீடு நமக்கு வேணும்னு உனக்குத் தோணலையா?"

"எதுக்குக்கா?" என்றாள் பின்சீட்டிலிருந்து. "அதான் அங்க இருக்கே. பாத்தாலே போதும்."

"பாத்தா ஆச்சா?"

"வேற என்னக்கா பண்றது வீட்ட? வெச்சிருக்கறவங்களும் பாக்கத்தானே செய்றாங்க? அவங்க தூசி வேற தொடைக்கணும்."

இவர் சத்தமாகச் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த மூன்று மாதம் என் வீட்டில் ரம்பச் சத்தம்தான். ஒரு நல்ல கான்ட்ராக்டரைப் பிடித்தேன். அந்த வீட்டில் எடுத்த படங்களைப் போனில் காட்டி, இதே நிறம், இதே டைல்ஸ், இதே விளக்கு என்றேன். முன்னறைச் சுவர் முழுக்க ஓக் பலகை ஏறியது. காஸ் கணப்பைச் சுற்றிப் பச்சை டைல்ஸ் வந்தது. ஹாலுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் அடி பெருத்த இரண்டு தூண்கள், அவற்றுக்கு இடையே தோளுக்கு மேல் உயரமாகப் புத்தக அலமாரி. "எல்லாம் நல்லாத்தான் இருக்குது, ஆனா நமக்கு இது எதுக்குன்னுதான் தெரியல" என்று இவர் நாலைந்து தடவை சொன்னார். எனக்குத் தெரிந்திருந்தது.

வேலை முடிந்ததும் அவளைக் காபிக்குக் கூப்பிட்டேன். வழக்கம் போல நிலையைத் தடவிவிட்டு உள்ளே வந்தாள். சுற்றிப் பார்த்தாள். டைல்ஸ் நல்ல நிறம் என்றாள். பலகையின் இழை அழகாக ஓடுகிறது என்றாள். விளக்கைப் போட்டு அணைத்தாள். எல்லாவற்றையும் பாராட்டினாள், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. காபி குடித்தாள். முறுக்கு சாப்பிட்டாள். பால் கேனுக்குக் கிடைத்தது, செருப்பு அலமாரிக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"சரி, மொத்தத்துல எப்படி இருக்குது?"

"ரொம்ப நல்லா இருக்குக்கா. அப்படியே அங்க இருக்கற மாதிரியே இருக்கு."

அவளுக்குக் குத்திப் பேசத் தெரியாது. பொய்யும் சொல்லத் தெரியாது. நிஜமாகவே அதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னாள். போகும்போது வாசலில் நின்று, ஏதோ ஞாபகம் வந்தவள் போல அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"காலைல அந்த வெயில் இனிமே ஹாலுக்கு வராதுல்லக்கா?"

மறுநாள் காலை பார்த்தேன். வெயில் படியிறங்கி வந்து அலமாரியின் முதுகில் முட்டிக்கொண்டு நின்றது. ஹால் இருட்டாக இருந்தது. அதன் பிறகு இரண்டு மூன்று மாதம் நான் அவளைக் கூப்பிடவில்லை. அவள் மெசேஜ் அனுப்பினால் பதிலுக்குக் கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பினேன்.

அவள் கணவருக்கு வேலை போய்விட்டது என்று இவர்தான் வந்து சொன்னார். விசா விதிப்படி இரண்டு மாதத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். கிடைக்கவில்லை. கோயிலில் எல்லோரும் அவர்களைப் பற்றியே பேசினார்கள். பேசுகிறவர்கள் குரலில் இரக்கமும் இருந்தது, நமக்கு அந்தப் பயம் இல்லை என்கிற நிம்மதியும் இருந்தது. எனக்கும் வருத்தம்தான். கூடவே இன்னொன்றும் இருந்தது. இப்போதாவது அவள் என் வீட்டை வேறு கண்ணால் பார்ப்பாள் என்ற எதிர்பார்ப்பு.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் போன் பண்ணினாள். "அக்கா, அந்த வீட்டுக்கு இன்னொரு வாட்டி கூட்டிட்டுப் போறீங்களா? எங்கிட்ட இப்ப கார் இல்ல. வித்துட்டோம்."

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டேன். போய்ச் சேர்ந்தால் வீடு மூடியிருந்தது. கூரையில் ரிப்பேர் வேலை. முன்பக்கம் முழுக்கச் சாரம் கட்டி, வாசலுக்கு மேலிருந்த கூரையில் ஒரு பகுதியைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஐயோ பாவம், கடைசியாகப் பார்க்க வந்தவளுக்கு இப்படியா என்று நினைத்து அவள் பக்கம் திரும்பினேன். அவள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் ஜொலித்தது.

"அக்கா, உள்ள பாருங்க! நான் அந்தக் கைமரம் எல்லாம் சும்மா அழகுக்கு வெளிய நீட்டியிருக்காங்கன்னு நெனச்சேன். இல்லவே இல்ல. அங்க உச்சிலருந்து ஒரே மரமா வருது பாருங்க. கூரையத் தெறந்து வெச்சிருக்கறப்ப வந்தோமே, குடுத்து வெச்சிருக்கணும்!"

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கே இருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. நடைபாதையில் நின்றுகொண்டு கத்தினேன்.

"நீ என்ன பொம்பள? அடுத்த வாரம் வீட்டக் காலி பண்ணிட்டுப் போற. எங்களுக்கெல்லாம் இருக்குது, உனக்கு ஒண்ணுமே இல்ல. ஒரு தடவகூட உனக்கு வயிறு எரியாதா?"

சாரத்தின் மேல் நின்ற ஆள் எங்களைத் திரும்பிப் பார்த்தான். அவள் வேலியிலிருந்து கையை எடுத்தாள்.

"எரியுங்க்கா" என்றாள்.

"எதப் பாத்து?" என்றேன்.

"ஒங்களப் பாத்தாத்தான் எரியும். தெனமும் எரிஞ்சுது. வீட்டப் பாத்து இல்ல. காலைல கோயில் ரோட்டுல நான் வாக்கிங் போறப்ப நீங்க கார்ல போவீங்க. கழுத்துல ஆபீஸ் பேட்ஜ் தொங்கும். ஒரு கைல காபி. போன்ல யாரையாவது திட்டிட்டுப் போவீங்க. அதப் பாத்துட்டு வந்து நான் பாத்ரூம்ல தண்ணியத் தெறந்து விட்டு அழுதிருக்கேன்."

"ஏன் கண்ணு?"

"நான் ஆர்க்கிடெக்சர் படிச்சவக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி மூணு வருஷம் ஆபீஸ்ல ஒக்காந்து படி வரைஞ்சிருக்கேன், ஜன்னல் வரைஞ்சிருக்கேன். இங்க வந்து அஞ்சு வருஷமா ஒரு கோடு போடல. போடக் கூடாது. அடுத்தவங்க போட்டதப் பாத்து பாத்துதான் நாளத் தள்ளினேன்."

"இத நீ எங்கிட்டச் சொன்னதே இல்லையே."

"நீங்க கேக்கலியே. அண்ணனுக்குத் தெரியும். அன்னிக்கு இங்க வந்தப்பவே கேட்டாரு."

சாரத்தில் சுத்தியல் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அவள் அது எதை அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, "போலாங்க்கா, ஒங்களுக்கு மீட்டிங் இருக்கும்" என்றாள். எனக்கு அன்றைக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். இத்தனை நாள் நான் தேடிய அந்த ஒரு சொட்டு கடைசியில் கிடைத்துவிட்டதே. ஆனால் அவள் ஆசைப்பட்டது என்னிடம் இருந்தவற்றிலேயே நான் தூக்கி எறியத் துடித்த ஒன்றுக்கு. அந்தப் பேட்ஜை வீட்டுக்கு வந்ததும் சாவிக் கொத்தோடு வீசிவிட்டுத்தான் நான் மூச்சே விடுவேன்.

இரண்டு வருஷம் கழித்து டிசம்பரில் சென்னை போயிருந்தபோது அவளைப் பார்த்தேன். ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முதல்முறையாகத் தானே முழுக்க வரைந்து முடித்த வீட்டைக் காட்டுகிறேன் என்று தாம்பரம் தாண்டி ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள். இளைத்துப் போயிருந்தாள். வழியெல்லாம் போனில் யாரோ ஒரு மேஸ்திரியோடு சண்டை.

பாங்கில் வேலை பார்த்து ரிட்டயரான ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் கட்டிய வீடு. பெரிய வீடு இல்லை. அந்த அம்மா கதவைத் திறந்து, "வாங்க வாங்க, இவ வந்தாலே திட்டிக்கிட்டுத்தான் வருவா" என்று சிரித்தார்.

திட்டிக்கொண்டுதான் வந்தாள். "இங்க பாருங்கக்கா, இந்த மூல கால் இஞ்ச் வெளிய வந்துடுச்சு. படி ஒயரம் ரெண்டாவது மட்டும் தப்பு. இந்த பெயின்ட் நான் சொன்னதே இல்ல. இந்த ஸ்விட்ச்ச இங்க வெச்சவன் கைய ஒடைக்கணும்." ஒவ்வொரு அறையிலும் அவளுக்குக் குற்றம் மட்டுமே கண்ணில் பட்டது. எந்த வீட்டுக்குள் போனாலும் எதைப் பார்த்தாலும் பூரித்த பெண், தான் கட்டிய வீட்டுக்குள் பல் வலிக்காரி மாதிரி நடந்தாள்.

சமையலறையில் அந்த அம்மா காபி போட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் வலியாம், நின்று வேலை செய்ய முடியாதாம். அதற்காக மேடையின் ஒரு பகுதி தாழ்வாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தே காய் நறுக்கலாம். முன்னால் கிரில் போட்ட அகலமான ஜன்னல். அதில் முருங்கை மரம், காற்று, தெருவில் கீரைக்காரியின் தலைக்கூடை வருவது, எல்லாம் தெரிந்தது. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். எழுந்திருக்க மனம் வரவில்லை. முழங்கால் வலிக்கும் ஒரு அம்மாவின் மேல் எனக்கு வயிறு எரிந்தது.

"ரொம்ப நல்லா இருக்குது கண்ணு" என்றேன். மனதாரச் சொன்னேன்.

அவள் காதில் வாங்கவே இல்லை. "இருங்க, ஒண்ணு காட்டறேன்" என்று காபியைப் பாதியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள். மொட்டை வெயில். யாரோ புதிதாகக் கட்டிய வீடு ஒன்றின் முன்னால் நிறுத்தினாள். சிவப்புச் செங்கல் சுவர், பூச்சு இல்லை. மாடிக்குப் போகும் படி வெளியிலேயே ஒரு மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறியது. அந்த மரத்தை வெட்டாமல் கட்டியிருந்தார்கள்.

"எவனோ கட்டியிருக்கான் பாருங்க. நம்ம மனைலயும் ஒரு மரம் இருந்துச்சுக்கா. வேப்ப மரம். எனக்கு இது தோணல. வெட்டிட்டேன். தெனமும் இந்தப் பக்கம் வந்து பாத்துட்டுப் போறேன். தூக்கம் வரல. வயிறு பத்திக்கிட்டு எரியுது."

அவள் கண்ணில் அப்போது ஒரு சொட்டு இல்லை, குடம் குடமாக இருந்தது. என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் சூடாக இருந்தன. லிவர்மோரில் நான் எந்த நிழலைப் பார்க்க ஆசைப்பட்டேனோ, அது அவள் முகத்தில் இப்போது அப்பியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு நிம்மதி வரவில்லை. எனக்கு எரிந்தபோதெல்லாம் நான் எதையாவது வாங்கினேன். இவள் ராத்திரியெல்லாம் புரண்டுவிட்டு, காலையில் எழுந்து போய் அடுத்த வீட்டுக்குப் படி வரைவாள். பொறாமையில்கூட அவளுக்கு வாய்த்தது நல்லதாக இருந்தது.

கேட்டைத் திறந்துகொண்டு லுங்கி கட்டிய ஒருவர் வெளியே வந்தார்.

"யாரும்மா நீங்க? யார் வேணும்?"

"யாரும் வேணாம் சார்" என்றாள் அவள், மாடிப்படியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த வீட்டுக்குப் படம் போட்டது யாரு? நம்பர் இருந்தா குடுங்க. அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவர் நம்பர் தேட உள்ளே போனார். அவள் கைப்பையைத் துழாவிப் பேனாவையும் மடக்குக் குடையையும் எடுத்து, குடையை என் கையில் கொடுத்துவிட்டு, மதில் சுவரின் மேல் ஒரு காகிதத்தை வைத்து அந்தப் படியை வரைய ஆரம்பித்தாள். நான் அவள் தலைக்கு நேராகக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.